அழுக்கு போகட்டும், தங்கம் இருக்கட்டும்!

*செட்டிநாட்டுக் கழுத்திரு முதல் தினசரித் தாலிச் சங்கிலி வரை... வீட்டிலேயே நகைகளைச் சுத்தம் செய்யவும் காக்கவும் ஒரு கையேடு*

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று செட்டிநாட்டில் எந்த ஊரானாலும் சரி, கல்யாணத்துக்கு நாள் குறித்த கையோடு லாக்கர் சாவியைத் தேடுவார்கள். "எடுத்துப் பார்த்து எத்தனை வருசமாச்சு? கறுத்துக் கிடக்குமே, பாலிஷ் போடக் குடுத்துருவோமா?" என்ற பேச்சு அடுத்து வரும். நகைக்கு ஆபத்து தொடங்குவது இங்கேதான்.

பாலிஷ் போடுவதென்றால், பெரும்பாலான முறைகளில், உலோகத்தின் மேற்பரப்பிலிருந்து கொஞ்சம் எடுப்பது என்றுதான் பொருள். அழுக்கோடு சேர்ந்து தங்கமும் போகும். ஆனால் வீட்டிலிருக்கும் பத்து நகையில் எட்டு நகைக்கு அது தேவையே இல்லை. வெந்நீர்கூட வேண்டாம், வெதுவெதுப்பான தண்ணீரும் இரண்டு பூந்திக்கொட்டையும் போதும். எதைக் கழுவலாம், எதைத் தண்ணீரில் காட்டவே கூடாது, எதைப் பத்தரிடம் கொடுத்தே ஆக வேண்டும் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

கறுப்பது எது?

"தங்கம் கறுக்குதுன்னா உடம்புச் சூடு" என்பது நம் வீடுகளில் காலங்காலமாகச் சொல்லப்படும் காரணம். சுத்தத் தங்கம் காற்றிலும் கறுக்காது, வியர்வையிலும் கறுக்காது. கறுப்பதெல்லாம் அதோடு கலந்திருக்கும் செம்பும் வெள்ளியும்தான்.

22 காரட் நகையில் தங்கம் 91.6 சதவீதம். 8 கிராம் எடையுள்ள ஒரு பவுனில் தங்கம் சுமார் 7.33 கிராம்; மீதி 0.67 கிராம் செம்பு, வெள்ளி போன்றவை. தனித் தங்கம் மிக மென்மையானது, அணிந்தால் வளைந்துவிடும் என்பதால் உறுதிக்காக இவற்றைச் சேர்க்கிறார்கள். காற்றில் இருக்கும் கந்தகச் சேர்மங்கள் வெள்ளியைக் கறுப்பாக்குகின்றன. வியர்வையின் உப்பும் அமிலமும் செம்பை மங்க வைக்கின்றன. அதனால்தான் அதே 22 காரட் சங்கிலி ஒருத்தர் கழுத்தில் பளிச்சென்றும் இன்னொருத்தர் கழுத்தில் மங்கலாகவும் தெரிகிறது. சூடு காரணமில்லை, வியர்வையின் அளவும் அதிலுள்ள சத்துகளும்தான் காரணம்.

உலோகம் ஏன் அரிக்கிறது, அதன்மேல் இன்னொரு உலோகத்தை மின்சாரத்தால் எப்படிப் பூசுவது என்பதை ஆராயவே காரைக்குடியில் ஒரு தேசிய நிறுவனம் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25 அன்று ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அது. 1953 ஜனவரியில் திறக்கப்பட்டது. அங்கு ஆராயப்படும் மின்வேதியியலின் அரிச்சுவடிதான் நம் நகைப்பெட்டிக்குள்ளும் நடக்கிறது. ஈரம், உப்பு, இருவேறு உலோகங்கள் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால், இரண்டில் வீரியம் குறைந்த தங்கம் தப்பித்துக்கொள்ளும். செம்பும் வெள்ளியும் அரிக்கும். நகையில் முதலில் கறுப்பது பற்றவைத்த இடங்கள் என்பதைக் கவனித்திருப்பீர்கள். பற்றாசில் தங்கத்தின் அளவு குறைவு, மற்ற உலோகங்கள் அதிகம்.

தினமும் அணியும் நகையில் தெரியும் கறுப்பில் பெரும்பகுதி இதுகூட இல்லை. தேங்காய் எண்ணெய், முகப் பவுடர், மஞ்சள், குங்குமம், சோப்பு, வியர்வை எல்லாம் சேர்ந்து இறுகிய அழுக்கு. இதற்கு மருந்து கழுவுவது மட்டுமே.

பூந்திக்கொட்டை முறை

நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் பூந்திக்கொட்டையை (பூவந்திக்கொட்டை என்றும் கேட்கலாம்) உடைத்து உள்விதையை எறிந்துவிட்டுத் தோலை மட்டும் ஒரு டம்ளர் தண்ணீரில் இரவு ஊறப்போடுங்கள். காலையில் கசக்கினால் நுரைக்கும். அதை வடிகட்டிக்கொள்ளுங்கள். பட்டுப் புடவைக்கும் தங்கத்துக்கும் நம் பாட்டிமார் இதையே நம்பினார்கள் என்பதற்குக் காரணம் உண்டு. இதில் இருக்கும் சபோனின் எண்ணெய்ப் பிசுக்கைப் பிரித்தெடுக்கும், உலோகத்தைத் தொடாது. பூந்திக்கொட்டை கிடைக்காவிட்டால் பாத்திரம் துலக்கும் திரவம் நாலைந்து சொட்டு போதும். பிளீச் கலந்ததாக மட்டும் இருக்கக் கூடாது.

வாஷ் பேசினில் வைத்துக் கழுவவே வேண்டாம். திருகாணி நழுவினால் நேராகச் சாக்கடைக்குப் போகும். தாம்பாளத்தில் ஒரு கிண்ணத்தை வைத்து, கை பொறுக்கும் அளவு வெதுவெதுப்பான தண்ணீரில் நுரையைக் கலந்து, கல் இல்லாத நகைகளைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிடுங்கள். பிறகு சின்னக் குழந்தைகள் பல் தேய்க்கும் மெல்லிய பிரஷ்ஷால், அழுத்தாமல், வேலைப்பாட்டின் போக்கிலேயே தேய்க்க வேண்டும். சங்கிலியின் கொக்கி, வளையலின் உள்பக்கம், தாலியின் பின்பக்கக் குழி... அழுக்கு குடியிருப்பது இங்கெல்லாம்தான்.

அலசுவதற்கு டீ வடிகட்டி நல்ல துணை. வடிகட்டியில் நகையை வைத்து இன்னொரு கிண்ணத்துத் தண்ணீரில் முக்கி முக்கி எடுத்தால் எதுவும் தவறாது. கடைசி அலசலுக்குக் குடிக்கிற தண்ணீரையே எடுத்துக்கொள்ளுங்கள். சம்பை ஊற்றுத் தண்ணீருக்குப் பேர்போன காரைக்குடியிலும் போர்வெல் வந்துவிட்டது. உப்புத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் புள்ளியாகப் படியும். கல் பதித்த இடத்தில் அது இறுகினால் எடுப்பது சிரமம். அலசியதும் பழைய வேட்டித் துணியில் ஒற்றியெடுத்து, நிழலில், மின்விசிறிக் காற்றில் நன்றாக உலரவிட வேண்டும். உள்ளே ஈரம் இருக்கும்போதே பெட்டியில் வைத்து மூடுவது, கழுவாமல் வைப்பதைவிட மோசம்.

தாலியைக் கழுவும்போது ஒரு விஷயம் பலரைப் பயமுறுத்தும். சோப்புத் தண்ணீரில் போட்ட கொஞ்ச நேரத்தில் தண்ணீர் செக்கச்செவேலென்று மாறும். தங்கம் கரைகிறதோ என்று பதறவேண்டாம். மஞ்சளில் உள்ள குர்குமின் காரத்தில் பட்டால் சிவக்கும். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் குங்கும நிறம் வருவதும் இதனால்தான். தாலியை நினைத்தபோதெல்லாம் கழற்றுவது நம் வழக்கமில்லை. ஆடிப்பெருக்கன்று கயிறு மாற்றும் வீடுகள் நிறைய. அன்றைக்கே தாலியையும் கழுவிவிட்டால் முறையும் கெடாது, வருடம் ஒருமுறை உள்பக்க அழுக்கும் போய்விடும்.

தோட்டில் எண்ணெய் இறங்கினால்...

"தோட்டுல எண்ணெய் இறங்கிருச்சு" என்று ஆச்சிமார் சொல்வது அறிவியல்படி நூற்றுக்கு நூறு சரி. வைரத்துக்கும் எண்ணெய்க்கும் தனிப் பாசம் உண்டு. தண்ணீர் அதில் ஒட்டாது. எண்ணெய் விடாப்பிடியாக ஒட்டும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி சுரங்கங்களில் இந்தக் குணத்தையே பயன்படுத்திக்கொண்டார்கள். கிரீஸ் பூசிய மேஜைமேல் கற்பொடி கலந்த நீரை ஓடவிட்டால் மற்ற கற்கள் அடித்துச் செல்லப்படும், வைரம் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும். தலையில் எண்ணெய் வைத்துப் பின்னிக்கொள்ளும் நம் ஊரில் காதோரத்து ஏழுகல் தோடு மங்காமல் என்ன செய்யும்? கல்லின் அடிப்பக்கம் எண்ணெய்ப் படலம் படிந்தால், உள்ளே போன ஒளி திரும்பி மேலே வராமல் கீழ்வழியே கசிந்துவிடும். கல்லுக்கு எந்தக் கேடும் இல்லை. கழுவினால் பழைய ஒளி வந்துவிடும்.

அதற்கு முன் தோட்டைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் திறந்திருந்து கல்லின் அடி தெரிந்தால் ஓப்பன் செட்டிங். தாராளமாகக் கழுவலாம், பிரஷ் போகவேண்டியதும் அந்தப் பின்பக்கத்துக்குத்தான். பின்பக்கம் தங்கத் தகட்டால் மூடியிருந்தால் குளோஸ் செட்டிங். அதற்குள் தண்ணீர் புகுந்தால் வெளியே வர வழியில்லை. ஈரத் துணியால் மேலே துடைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

பழைய கெம்பு அட்டிகை, பதக்கம், ஜடைநாகம் இவற்றுக்கு எச்சரிக்கை இன்னும் கூடுதலாக வேண்டும். செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தார் பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போன காலத்தில் மோகோக் சுரங்கத்துச் சிவப்புக் கற்கள் செட்டிநாட்டுப் பெட்டகங்களுக்கு வந்து சேர்ந்தன. இந்த வகைப் பழைய நகைகளில் கல்லுக்கு அடியில் பளபளப்புக்காக மெல்லிய தகடு வைத்து, உள்ளே அரக்கு நிரப்பியிருப்பார்கள். தண்ணீர் இறங்கினால் தகடு கறுத்துக் கல்லின் நிறமே செத்துப்போகும். வெந்நீரில் போட்டால் அரக்கு இளகிக் கல் ஆடும். ஒரு நகைக்குள் அரக்கு இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் இருப்பதாகவே வைத்துக்கொள்வது நல்லது. இவற்றுக்கு உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷும் பருத்தித் துணியும் போதும்.

முத்தும் பவளமும் சுண்ணாம்பு வர்க்கம். எலுமிச்சை, வினிகர், புளி எது பட்டாலும் மேற்பரப்பு கரைந்து ஒளி போய்விடும். பிறகு மீட்க முடியாது. மரகதத்தில் இயல்பாகவே வெடிப்புகள் இருக்கும். அவற்றை மறைக்க எண்ணெய் ஏற்றியிருப்பார்கள். சூடும் சோப்பும் அந்த எண்ணெயை வெளியேற்றிவிடும். நவரத்தின மோதிரத்தில் இந்த மூன்றுமே இருப்பதால், அதை ஈரத் துணியால் துடைப்பதோடு விடுங்கள். ஆண்கள் அணியும் உருத்திராட்ச மாலையான கௌரிசங்கத்துக்கும் இதே விதிதான். தங்கப் பூண் கட்டிய உருத்திராட்சத்தைத் தண்ணீரில் ஊறவைத்தால் கொட்டை உப்பிச் சுருங்கிப் பூண் தளரும். தங்கப் பகுதியை மட்டும் துணியால் துடைத்தால் போதும்.

கழுத்திரு தனி ரகம்

நகரத்தார் கல்யாணத்தில் மணமகள் கழுத்தில் ஏறும் கழுத்திரு, செட்டிநாட்டுக்கே உரிய நகை. கழுத்துரு என்றும் சொல்வார்கள். நூலை முறுக்கித் தயார் செய்வதையே தும்பு பிடித்தல் என்று ஒரு சடங்காக நடத்துவார்கள். மஞ்சள் பூசிய அந்த நூலில் முப்பதுக்கும் மேற்பட்ட தங்க உருப்படிகள் இரண்டு சரமாகக் கோக்கப்படும். நடுவில் திருமாங்கல்யம்; விரல் நீட்டிய கையைப் போன்ற ஏத்தனங்கள்; பிறகு உரு, சரிமணி, கடைமணி, குச்சி என்று வரிசை போகும். கல்யாணத்தன்று ஏறும் கழுத்திரு, அடுத்து கணவரின் அறுபதாம் கல்யாணத்துக்கு ஏறும். நடுவில் இருக்கும் ஆண்டுகளெல்லாம் பெட்டிக்குள்தான்.

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்தில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த கழுத்திரு ஒன்று, கறுப்பு நூலில் கோக்கப்பட்டுக் காப்பில் இருக்கிறது. பழைய நகையைப் புதிதுபோல் மின்ன வைப்பது அருங்காட்சியகக் காப்பாளர்களின் நோக்கம் இல்லை. அழுக்கை எடுப்பார்கள், உலோகத்தைச் சுரண்ட மாட்டார்கள். நுணுக்கமான வேலையின் கூர் மழுங்கினால் திரும்ப வராது என்பது அவர்களுக்குத் தெரியும். நம் வீட்டு இரும்புப் பெட்டிக்கும் அதே நியாயம்தான். ஏத்தனத்தின் விரல் நுனிகள், மணிமணியாகப் பற்றவைத்த ஓரங்கள், சிறிய தெய்வ உருவங்களின் முகங்கள் இவைதான் கழுத்திருவின் அழகு. பாலிஷ் சக்கரம் முதலில் தின்பதும் இவற்றைத்தான்.

கழுத்திருவை நூலோடு சேர்த்து நனைக்கக் கூடாது. நூல் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும்; மஞ்சளும் ஈரமும் துளைக்குள் தங்கித் தங்கத்தோடு உரசிக்கொண்டே இருக்கும். வழக்கப்படி நூலிலிருந்து உருப்படிகளைப் பிரிக்கும் சமயமே கழுவ ஏற்ற நேரம். பிரிப்பதற்கு முன் கோத்த வரிசையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் எண்ணி, எடை போட்டு, ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள். கணக்கு எழுதுவதில் செட்டிநாட்டுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தனித்தனியாகக் கழுவி, நூல் நுழையும் துளைக்குள் சுத்தமான பருத்தித் திரியை விட்டு இழுத்தால் பழைய மஞ்சள் வெளியே வந்துவிடும். பிறகு புது நூல்.

கிச்சன் வைத்தியங்களும் யூடியூப் வைத்தியங்களும்

*பற்பசை:* அதில் இருக்கும் சுண்ணாம்புப் பொடியும் சிலிக்காவும் தங்கத்தைவிடக் கடினமானவை. தேய்த்தவுடன் பளபளக்கும், அந்தப் பளபளப்பே கண்ணுக்குத் தெரியாத கீறல்களின் விளைவு.

*சாம்பல், செங்கல் பொடி:* கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் தங்கம் 2.5 அல்லது 3, இவற்றில் கலந்திருக்கும் மணல் 7. பித்தளைக் குடத்தோடு இது நிற்கட்டும்.

*அலுமினியத் தாளும் பேக்கிங் சோடாவும்:* இது மின்வேதியியல்தான். கறுத்த வெள்ளிக்கு உண்மையிலேயே வேலை செய்யும். வெள்ளியைப் பிடித்த கந்தகத்தை அலுமினியம் வாங்கிக்கொள்ளும். ஆனால் கொதிக்கும் தண்ணீர் தேவை என்பதால் கல்லும் அரக்கும் உள்ள தங்க நகைகளுக்கு ஆகாது. கவரிங் நகையின் மேல்பூச்சுக்கும் சோடா எதிரி.

*பிளீச்சிங் பவுடர்:* குளோரின் தங்கத்தோடு கலந்த உலோகங்களைத் தாக்கும். பற்றவைத்த இணைப்புகள் நொறுங்கும். கிணற்றிலோ தொட்டியிலோ பிளீச்சிங் போட்ட நாளிலும் நீச்சல் குளத்துக்குப் போகும்போதும் நகையைக் கழற்றிவிடுங்கள்.

*பாதரசம்:* உடைந்த பழைய தெர்மாமீட்டர், பாதரசம் கலந்த சில முகப்பொலிவுக் கிரீம்கள் பட்டால் தங்கத்தில் வெள்ளைத் திட்டு விழும். அதை வீட்டில் சூடு காட்டிப் போக்க நினைக்காதீர்கள். கிளம்பும் ஆவி விஷம். நேராகப் பத்தரிடம் கொடுங்கள். பாதரசம் என்று சொல்லியும் கொடுங்கள்.

கடைப் பாலிஷும் வாசல் பாலிஷும்

பத்தரிடம் போக வேண்டிய வேலைகள் உண்டு. மரை தேய்ந்து திருகாணி நிற்காதபோது, கல் ஆடும்போது, கொக்கி மெலிந்துவிட்டபோது, கறுப்பு கழுவியும் போகாதபோது கொடுத்துத்தான் ஆக வேண்டும். நகையைக் காதோரம் வைத்து மெல்ல ஆட்டிப் பாருங்கள். 'கலகல' என்று சத்தம் வந்தால் கல் தளர்ந்திருக்கிறது. கடையில் கொடுக்கும்போது உங்கள் கண் முன்னே எடை போட்டு, கல் எண்ணிக்கையோடு எழுதி வாங்குங்கள். திரும்பி வரும்போதும் அதே தராசில் பாருங்கள். எவ்வளவு குறையும் என்று முன்கூட்டியே கேட்பதில் தப்பில்லை. செய்கூலி, சேதாரத்துக்கு அவ்வளவு பேரம் பேசுகிறவர்கள் பாலிஷில் போகும் தங்கத்தைக் கேட்பதே இல்லை.

புது நகையில் ஹால்மார்க் முத்திரையையும் குறித்துக்கொள்ளுங்கள். 2021 ஜூன் 16 முதல் படிப்படியாக ஹால்மார்க் கட்டாயமானது. 2023 ஏப்ரல் 1 முதல் ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. எண் இல்லாத ஹால்மார்க் நகையைக் கடைகளில் விற்கக் கூடாது. லேசரில் பொறித்த இந்த எண் மிகச் சிறியது. கடுமையான பாலிஷில் அழிந்துபோகலாம். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டுப் பார்த்து, விவரத்தைப் படம் எடுத்து வைத்துக்கொண்டால் பின்னால் உதவும்.

வாசலில் வந்து நிற்கும் 'இலவசப் பாலிஷ்' ஆட்களுக்கு ஒரே பதில்: வேண்டாம். தமிழ்நாடு முழுக்கப் போலீஸ் திரும்பத் திரும்ப எச்சரிக்கும் பழைய மோசடி இது. இருவராக வருவார்கள். முதலில் பித்தளை விளக்கையோ வெள்ளிக் கொலுசையோ துலக்கிக் காட்டி நம்ப வைப்பார்கள். அடுத்து வளையலைக் கேட்பார்கள். அவர்கள் கையில் இருக்கும் திரவம், ஹைட்ரோகுளோரிக் அமிலம் மூன்று பங்கும் நைட்ரிக் அமிலம் ஒரு பங்கும் சேர்ந்த இராஜ திராவகமாக இருந்தால், தங்கம் அதில் கரைந்து போகும். பளபளவென்று திரும்பி வரும் வளையல் எடை குறைந்திருக்கும். கரைந்த தங்கம் அவர்கள் கிண்ணத்தில். சிலர் மஞ்சள் தண்ணீரில் போட்டு, டிபன் பாக்ஸில் மூடி, "பத்து நிமிசம் கழிச்சுத் திறங்கம்மா" என்று சொல்லிவிட்டு நகையோடே போய்விடுவார்கள். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, பெரிய வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்கள்தான் இதில் அதிகம் கவனமாக இருக்க வேண்டும்.

பெட்டியில் வைக்கும் முன்

• ஒவ்வொரு நகைக்கும் தனிப் பை. வைரம் கடினத்தில் 10, கெம்பு 9. பக்கத்தில் இருக்கும் தங்கத்தையும் முத்தையும் கீறிவிடும்.

• நகையைச் சுற்றி ரப்பர் பேண்ட் போடாதீர்கள். ரப்பரில் கந்தகம் உண்டு. பழைய செய்தித்தாளும் வேண்டாம். மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணி போதும்.

• அந்துருண்டையை நகைப் பெட்டியில் போடக் கூடாது. முத்துக்கு அது ஆகாது.

• லாக்கரில் வைத்தால் வருடம் ஒருமுறையாவது திறந்து பாருங்கள். மழைக்காலம் முடிந்த பிறகு போவது நல்லது. 2022 ஜனவரி முதல் அமலில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, தீ, திருட்டு, கட்டட இடிவு, வங்கி ஊழியர் மோசடி ஆகியவற்றால் இழப்பு நேர்ந்தால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல் நூறு மடங்கு வரைதான். ஒரு கழுத்திருவின் மதிப்புக்கு அது எந்த மூலைக்கு? நகைக்குத் தனியாகக் காப்பீடு இருக்கிறதா என்று பாருங்கள்.

• அலங்காரத்தில் சென்ட், பவுடர் முதலில், நகை கடைசியில். கழற்றும்போது நகை முதலில்.

• மாவு பிசையும்போது மோதிரத்தைக் கழற்றுங்கள். முறுக்கு மாவு கல்லுக்கடியில் காய்ந்தால் கல்லையே நெம்பிவிடும்.

பழசு என்று உருக்கிவிடாதீர்கள்

காரைக்குடியை அடுத்த மாத்தூரில் நகரத்தாரின் ஒன்பது கோயில்களில் ஒன்று இருக்கிறது. சுவாமியின் பெயர் ஐநூற்றீசர். கொங்கண சித்தர் இங்கே ஐந்நூறு மாற்றுத் தங்கம் செய்தார் என்பது தலபுராணம். உரைகல்லில் பொன்னை உரைத்து மாற்றுப் பார்த்துப் பழகிய சமூகம் சாமிக்கே அப்படிப் பெயர் வைத்ததில் ஆச்சரியம் இல்லை. இன்று நம் கைக்கு வரும் பழைய நகைக்கு மாற்று மட்டுமே மதிப்பு என்று நினைத்து, மங்கிவிட்டது, கறுத்துவிட்டது என்று கொடுத்துப் புதுசு வாங்கினால் இழப்பு இரண்டு பக்கம். புது நகைக்குச் செய்கூலியும் சேதாரமும் புதிதாகக் கட்ட வேண்டும்; பழைய கைவேலை உருக்குக் குகைக்குள் போய்விடும். பெரும்பாலும் அது கழுவினால் தீரக்கூடிய மங்கல்தான்.

ஆகவே அடுத்த கல்யாணத்துக்கு நகையை எடுக்கும்போது முதலில் எடையை எழுதுங்கள். திருப்பிப் பார்த்துக் கல் நகை, அரக்கு நகை, வெறும் தங்கம் என்று மூன்றாகப் பிரியுங்கள். வெறும் தங்கத்தையும் பின்பக்கம் திறந்த வைரத் தோட்டையும் பூந்திக்கொட்டை நுரையில் கழுவுங்கள். மற்றவற்றைத் துணியால் துடையுங்கள். அதற்கும் மசியாத நகை ஒன்றோ இரண்டோ இருந்தால் அதை மட்டும், எடைச் சீட்டோடு, உங்கள் பத்தரிடம் எடுத்துப் போங்கள்.